மூன்றாம் மாடியில் நீ சாப்பிட்ட கடைகள்

என் செல்லத் தம்பி செல்வராசுக்கு,

அக்கா எழுதுகிறேன். ராஜபாளையத்தில் எல்லாரும் சுகம். எனக்குத்தான் உடம்பு அசந்து கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிப் பதினைந்து நாளாகியும் பெட்டியில் பாதித் துணி அப்படியே இருக்கிறது. நம் மீனாவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு அழுதாளே, அவளுக்கே இப்போது ஒரு மகள்.

நீ இருந்தபோது எத்தனை தடவை என்னை அங்கே கூப்பிட்டாய்? நீ இல்லாத பிறகுதான் போக வாய்த்தது.

மில்லில் ஏசி பிளான்ட் பார்த்துக்கொண்டிருந்த நீ, தொண்ணூறில் சிங்கப்பூர் போய் ஒரு பெரிய வணிக வளாகத்தில் அதே வேலையில் சேர்ந்தாய். இரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்தாய். உன் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சொந்தமெல்லாம் கூடி இலை முன்னால் இருந்தோம். அந்த வளாகத்தின் மூன்றாம் மாடியில் நாட்டுக்கொரு சாப்பாட்டுக் கடை என்று நீ ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாய். ஜப்பான்காரர் பச்சை மீனைச் சீவித் தருவார், தாய்லாந்து அம்மா சூப்பு கொடுப்பார், இத்தாலிக் கடையில் பாலாடைக்கட்டி உருக்கிய ரொட்டி. "எல்லாரும் என்னக் கூப்பிட்டு உக்கார வச்சுப் போடுவாகக்கா."

உன் மச்சான்தான் முதலில் சிரித்தார். "ஏலே மாப்ளே, மெசினு தொடைக்கப் போனவனுக்கு மேசை போட்டா பரிமாறுதான்? அளந்து விடாத!"

அப்பாவும் சிரித்தார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பொய் சொல்லாமச் சாப்பிடுலே" என்றேன். உன் பக்கத்தில் இருந்த உன் மகள் கவிதாவுக்கு அப்போது ஆறு வயது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த விடுப்புக்கு மூன்றாம் வருடம், நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று தகவல் வந்தது. கடைசி வரை என்மேல் கோபமாகத்தான் இருந்தாயா தம்பி?

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும், "தம்பி வேல பாத்த எடத்த ஒருக்கா காட்டுங்க" என்று மருமகனிடம் கேட்டேன். கண்ணாடியும் பளிங்குமாக இருந்த அந்த வளாகத்தில் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே போனேன். மூன்றாம் மாடியில் ஒரு வயதான ஜப்பான்காரர் மீன் சீவிக்கொண்டிருந்தார். பையிலிருந்த உன் போட்டோவை நீட்டினேன். மருமகன் ஆங்கிலத்தில் விவரம் சொன்னார்.

அவர் கத்தியை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என் முன்னால் தலை குனிந்து வெகுநேரம் நின்றார்.

ஒரு தடவை அவருடைய குளிரறை நின்றுபோய், இருந்த மீனெல்லாம் கெட்டுப்போகும் நிலைமையாம். உன் லீவு நாளில் ஓடிவந்து, சாயங்காலம் வரை உள்ளேயே கிடந்து ஓட வைத்தாயாம். மற்றக் கடைகளுக்கும் அப்படித்தானாம்; அதனால்தான் எல்லாரும் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டார்களாம். அவர் சொல்லியனுப்ப, தாய்லாந்து அம்மா சூப்போடு வந்தார், இத்தாலிக் கடைப் பெண் ரொட்டியோடு வந்தாள். மேசை போட்டு எனக்குப் பரிமாறினார்கள்.

பச்சை மீனை வாயில் வைத்தேன். குமட்டும் என்று பயந்தேன். குமட்டவில்லை, அழுகைதான் வந்தது. பாஷை தெரியாத அந்தத் தாய்லாந்து அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஊர் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் முதலில் போனேன். கவிதா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா சொன்னது அம்புட்டும் நெசம்ட்டி. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன்.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் அத்தை. நீங்கள்லாந்தான் சிரிச்சீக."

நாங்கள் சிரித்து ஐந்து வருடம் தம்பி. இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில், அவள் ஒருத்தி மட்டும் தனியாக உன்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உன் மச்சானிடம் சொன்னேன். "சரி விடு, இப்ப எதுக்கு அது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கும் அலுப்புதான். விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

விடமாட்டேன். தை மாதம் உன் தெவசத்துக்கு அப்பா, மச்சான், சித்தப்பா எல்லாரும் வருவார்கள். கவிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் பார்த்ததையும் சாப்பிட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். யாரும் எழுந்து போக விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
பேச்சியம்மாள் அக்கா