கப்பலில் வந்த எஞ்சினின் ஊதல்

கரி படிந்த கையோடு என்னைத் தூக்கி, அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்கிய அப்பாவுக்கு,

தேனிக்கும் போடிக்கும் மறுபடி ரயில் ஓடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே போய் நின்று, "கரியும் திங்காது, தண்ணியும் குடிக்காது, இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று கேட்டிருப்பீர்கள். எனக்கும் அதைப் பிடிக்கவில்லை. என் காரணம் வேறு.

நீங்கள் ஓட்டியது வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின். இங்கிலாந்தில் செய்து, கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டியது. அதன் பித்தளைத் தகட்டில் இருந்த ஊர்ப்பெயரை நீங்களும் ஃபயர்மேனும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வீர்கள். பின்னால் நம் நாட்டிலேயே செய்த எஞ்சின்கள் வந்தபோது, "இதுக்குத் தொண்ட பத்தல" என்று குறைபட்டீர்கள். கப்பலில் வந்ததற்கு அவ்வளவு கனத்த குரல். மலை வரை போய்த் திரும்பும்.

நம் வீட்டைத் தாண்டும்போது ஒரு நீளம், இரண்டு குட்டை என்று ஊதுவீர்கள். அதைக் கேட்டதும் அம்மா உலை வைப்பாள். போடியில் வண்டியை விட்டுவிட்டு நீங்கள் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் சோறு வெந்திருக்கும்.

அம்மாவுக்கு இப்போது ஞாபகம் பிசகுகிறது. சில நாள் நீங்கள் இல்லையென்று அழுகிறாள். சில நாள் உங்களுக்கும் சேர்த்து அரிசி களைகிறாள். அகலப்பாதை போடுவதற்காக ரயில் நின்றுபோயிருந்த வருஷங்களில், அந்தப்பக்கம் புல்லறுத்துவிட்டு வந்து தண்டவாளத்தடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, அம்மா எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் இழுத்துச் சரிவில் தள்ளி நானும் விழுந்தேன். பெட்டிகள் எங்கள் தலைக்கு மேலே போயின.

"ஹாரன் கேக்கலயாம்மா?"

"கேட்டுச்சு. போடி ரோட்டுல லாரி போகுது. ஒங்க அப்பா ஊதாம வருவாகளாடி?"

"அப்பா செத்துப்போனாகம்மா."

"இந்தத் தண்டவாளமுந்தான் போச்சு. உலகச் சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளக்காரன் பேத்துட்டுப் போனான், திரும்பி வந்துச்சு. அகலமாக்கணும்னு பேத்தாக, அப்பயும் திரும்பி வந்துச்சு. அவுக மட்டும் வரமாட்டாகளா?"

அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன், அப்பா.

வாசலைப் பூட்டினேன். கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டாள். புல்லறுக்கும் அரிவாளை ஒளித்தேன். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். நேற்று ரயில் வரும் நேரம், எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. வேறு வழி தோன்றாமல் இரண்டு கையையும் வாயில் குவித்து உங்கள் ஊதலை ஊதினேன். ஒரு நீளம், இரண்டு குட்டை.

சட்டென்று எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு, என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனாள். அவள் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது ரயில் கடந்தது. மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சைக்கிள் பஞ்சராயிருக்கும்" என்றாள். சாப்பிடவே இல்லை.

இன்று காலை கேட்டாள்: "ஊதினாகளே, ஏன் வீட்டுக்கு வரல? நானே போயி வண்டிய மறிச்சுக் கேக்கட்டுமா?"

ஊதாமலும் இருக்க முடியாது, ஊதிவிட்டுச் சும்மா நிற்கவும் முடியாது. காய்ச்சலில் கிடந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்து ஊதுவேன், அப்பா. ரயில் கடந்து போகும்வரை அவள் கையை விடமாட்டேன். இது என் வாக்கு.

நீங்களும் எனக்கு ஒரு வாக்குக் கொடுங்கள். அம்மாவைப் பார்க்க எவ்வளவு ஆசையிருந்தாலும், அங்கிருந்து மட்டும் ஊதிவிடாதீர்கள். உலையை அப்படியே விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுவாள்.

உங்கள் ஊதலை இரவல் வாங்கியிருக்கும் மூத்த மகள்,
தங்கம்