குறுக்கே விழுந்த கீறல்

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் வந்தால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லினோ என்கிற மெத்தென்ற பலகையில் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கக் கற்றுக்கொடு என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். பூ, பறவை என்று நினைத்திருந்தேன். இன்று என் அறைக் கதவிலேயே சுவரொட்டி! பெண்கள் கழிப்பறைக் கதவு, அதில் பெரிய பூட்டு, கீழே ‘திறந்து விடுங்கள்’. இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் உன் தம்பிதான் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? செதுக்கியது யார்? பெயரைச் சொல்.

தம்பி

செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

கோபம் வந்தால் உனக்குத் தலை வலிக்கும், மாத்திரை போட்டுக்கொள். எனக்கும் வலிக்கிறது.

“எதைப் பாத்தா வயிறு எரியுதோ, அதைச் செதுக்குங்க” என்றேன். ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், போக இடமில்லன்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கல. அதைச் செதுக்கலாமா?” என்ன சொல்லச் சொல்கிறாய்?

நாலு மாதமாக அந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. குழாயைச் சரிசெய்ய உனக்கு நேரமில்லை, பெயர் விசாரிக்க மட்டும் இருக்கிறதா? ஒருத்தி வாயால் சொன்னால் முணுமுணுப்பு. அதையே அச்செடுத்து நூறு சுவரில் ஒட்டினால் காதில் விழும். வகுப்பில் முதல் பாடமே அதுதான். பெயரைச் சொல்ல மாட்டேன், போ.

அக்கா

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

லினோ பலகையைக் கண்டுபிடித்து, நானே கத்தியால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கோடு கீறிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி அதில் ஒரு படமும் எடுக்க முடியாது. உன் வகுப்பும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிட்டுவிட்டு, பழையபடி சிரித்துப் பேசலாம்.

தம்பி

செப்டம்பர் 20

தம்பிக்கு,

ஒரே ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். செதுக்கிய இடத்தில் மை ஒட்டாது, தாளில் வெள்ளையாக விழும். கத்தியால் கீறினாலும் அப்படித்தான்.

பிள்ளைகள் குப்பையிலிருந்து பலகையை எடுத்து வந்தார்கள். என் வீட்டுக் கூடத்தில் மை தடவி அச்செடுத்தோம். பூட்டின் மேலும் ‘திறந்து விடுங்கள்’ மேலும் உன் கீறல் இரண்டும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. முன்பு அந்தப் படத்தில் பிள்ளையின் கேள்வி மட்டும் இருந்தது. இப்போது உன் பதிலும் இருக்கிறது. நாளை பெற்றோர் கூட்டத்தில் வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறோம். உனக்கான படம் இதோடு இருக்கிறது.

சாப்பிட வர மாட்டேன். அந்தக் குழாயில் தண்ணீர் வரட்டும், வருகிறேன்.

செதுக்கியது யார் என்று கேட்டாயே. இரண்டு பேர். அவள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் பெயரை, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

அக்கா