உள்ளே விளக்கெரிந்த கார்

இல்லை அப்பா, பயப்படவில்லை.

நீங்கள் கேட்டபோது அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அது முழுதாகச் சரியான பதில்தானா என்று இப்போதும் தெரியாது. எழுதிக்கொண்டு போனால் தெரியலாம்.

நேற்று அம்மாவும் நானும் உங்கள் ஏ-40 காரில் மருதனார்மடம் சந்தைக்குப் போனோம். நீங்கள் போன பிறகு அதை நான்தான் ஓட்டுகிறேன். நல்ல வெயில். இணுவில் தாண்டும்போது பின்னால் சைரன் கேட்டது. கண்ணாடியில் அம்புலன்ஸ். ஓரம் கட்டினேன். அதற்குள் என் கை தானாக மேலே போய்க் கூரையில் இருக்கும் சின்ன விளக்கின் சுவிட்சைத் தட்டிவிட்டது. பட்டப்பகலில்.

விளக்கு எரியவில்லை. பல்ப் போய்விட்டிருந்தது.

பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த கைகள் இரண்டையும் எடுத்து, விரல்கள் தெரியும்படி டாஷ்போட்டின் மேல் வைத்தார். அம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது. ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் ஓரத்திலேயே நின்றது. மண்ணெண்ணெய் மணத்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் நீங்கள் அதில்தான் ஓட்டினீர்கள்; நான் பெற்றோல்தான் விடுகிறேன். இருந்தாலும் வெயில் ஏறினால் அந்தப் பின்சீற்றிலிருந்து பழைய மண்ணெண்ணெய் எழும்பி வருகிறது.

"ஆர் பார்க்கிறதுக்கு உந்த லைற்?" என்றார் அம்மா.

"நீங்கள் ஆருக்குக் கையைக் காட்டினனீங்கள்?"

அம்மா தன் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உன்ரை கொப்பர் பழக்கின பழக்கம்."

இந்தப் பழக்கத்தை வெளியூரில் சொன்னால் விளங்காது. பல்கலைக்கழகத்தில் ஒரு தோழிக்குச் சொல்லிப் பார்த்தேன். சண்டைக் காலத்தில், பொழுதுபட்டபின் ஆமியின் காவலரணுக்கு, சென்றிக்கு, கிட்டப் போகிற வாகனம் முன்விளக்கைக் குறைக்க வேண்டும். உள்விளக்கைப் போட வேண்டும். ஓட்டுபவரின் இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கில் தெரிய வேண்டும். அவள் கேட்டாள்: "அப்ப ரோட் எப்பிடித் தெரியும்?" ரோட் தெரிவதற்கல்ல, ரோட்டில் நிற்பவருக்கு நாங்கள் தெரிவதற்கு என்றேன்.

அதே ஆண்டில்தான் நகரங்களின் வரலாற்றையும் படித்தேன். பெரிய நகரங்களுக்குத் தீயணைப்பு வண்டிகளின் வரலாறு இருக்கிறது. குதிரை இழுத்த வண்டி, மணி கட்டிய வண்டி, சிவப்பு வர்ணம், ஏணி. முதல் அம்புலன்ஸின் படம். அதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கும் மண்டபம். படித்துக்கொண்டே எங்கள் நகரத்துக்கு எது என்று யோசித்தேன். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற உங்கள் வாடகைக் கார் நினைவுக்கு வந்தது. பின்சீற்றில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தக்காரர். எங்காவது நெருப்பென்றால் டிக்கியில் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்ப். உங்களுக்கு முந்திய காலத்தில் ஆளைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிப் போனார்கள் என்பீர்கள். பிறகு மாட்டுவண்டி. பிறகு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் விரித்து. "உந்தக் காரிலை ஏறாத வருத்தம் ஒண்டும் இல்லை" என்று பொனற்றைத் தட்டுவீர்கள், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

நீங்கள் கேட்ட அந்த நாளுக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். மம்மல் பொழுது, இருட்டிக்கொண்டு வந்தது. ஊரடங்கு தொடங்கிவிட்டது. முன்வீட்டு ரீச்சர் மாமிக்கு முட்டு, மூச்சிழுப்பு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்தவர். அவருடைய கணவர் மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"அண்ணை, அவவுக்குக் கதை வருகுதில்லை. உதடு நீலமாக் கிடக்கு."

ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் அந்த நேரத்தில் ஒழுங்கைகளுக்குள் வராது. அது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சேட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்: "பிள்ளை, வெளிக்கிடு."

அம்மா வாசல் படலைக்குக் குறுக்கே வந்து நின்றார். "உங்களுக்கென்ன விசரே? அவளை எங்கை கொண்டு போறியள்?"

"பிள்ளையைக் கண்டால் சென்றியிலை நிக்கிறவன் ஒருக்கால் யோசிப்பான்."

"யோசிக்காட்டில்?"

நீங்கள் காரடிக்குப் போனீர்கள். பொனற்றைத் திறந்து, மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள். இயந்திரம் பெற்றோலில் பிடித்து, இருமி, மண்ணெண்ணெய்க்கு மாறியது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கொடியில் கிடந்த என் வெள்ளைப் பள்ளிச் சட்டையை எடுத்து வந்து தலைக்கு மேலால் போட்டுவிட்டார். அது காயவில்லை. முதுகில் குளிர்ந்தது.

"வெள்ளை எண்டால் வடிவாத் தெரியும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாமியையும் அவருடைய கணவரையும் பின்னால் ஏற்றி, முன்சீற்றில் என்னை இருத்தினீர்கள். "சிரிக்காதை. அழாதை. சும்மா பிள்ளை மாதிரி இரு."

அதற்கு முன் நான் வெறும் வீதியைப் பார்த்ததில்லை. காங்கேசன்துறை வீதி முழுவதும் பூட்டிய கடைகள். நடு ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. உள்விளக்கு எரிந்ததால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. வெள்ளைச் சட்டையோடு கடைகளின் மேலும் மதில்களின் மேலும் நான் மிதந்து போனேன். பின்சீற்றில் மாமியின் மூச்சு விசிலடித்தது. எங்களுக்கு வேறு சைரன் இல்லை. இருள் மூடுகிற வீதியில் வெளிச்சமாக இருந்தது நாங்கள் மட்டும்தான். திருவிழாவில் விளக்குக் கட்டிய சப்பறம் வருவது போல என்று நினைத்தேன். நான் அதற்குள்ளே இருக்கிறேன் என்றும் நினைத்தேன். அப்படி ஒரு பிரமிப்பு எனக்குப் பிறகு எந்தக் கோயிலிலும் வந்ததில்லை.

சென்றி. ரோர்ச் வெளிச்சம். ஒருவன் குனிந்தான். இளம் ஆமிப் பொடியன். இப்போது நினைத்தால் என்னைவிட இளையவன்.

"எங்க போறது?"

"ஆஸ்பத்திரி" என்றீர்கள்.

பின்னால் விசில். அவன் வெளிச்சத்தை என் சட்டையில் பிடித்தான். பிறகு முகத்தில்.

"இஸ்கோலே?" என்று என்னைக் கேட்டான். சிங்களத்தில், பள்ளிக்கூடமா என்று.

"ஓம்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். ரோர்ச்சைத் தாழ்த்தினான். ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கினான்.

கொஞ்சத் தூரம் போனபிறகு நீங்கள் வாய் திறந்தீர்கள். "ஏனடி ஓமெண்டனீ? இந்த நேரத்திலை எந்தப் பள்ளிக்கூடம்?"

பின்சீற்றில் இருந்து, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, மாமி சொன்னார். "சங்கீத... வகுப்பு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கார் ஒருபக்கம் இழுத்தது. மாமியின் கணவர் அழுதார். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி பிழைத்தார். இன்றைக்கும் பின்னேரங்களில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். சுருதி கொஞ்சம் கீழே.

அதன்பிறகு அந்தச் சட்டை கதவுக்குப் பின்னால் தனி ஆணியில் தொங்கியது. ஊரடங்கில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் நான் வெளிக்கிடுவேன். "நீதான் என்ரை சைரன்" என்பீர்கள்.

சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு சந்திக்குக் கிட்ட, பலகை விற்கிற மரக்காலை ஒன்று தீப்பற்றியது. நீங்கள் பழக்கத்தில் பம்பை டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஓடினீர்கள். நானும் வந்தேன். அயலவர் கிணற்றில் குழாயை இறக்கினார்கள். தண்ணீர் நூல் போல வந்தது. பலகைகள் வெடித்துக்கொண்டிருந்தன. அப்போது பட்டணத்தில் இருந்து சிவப்புத் தீயணைப்பு வண்டி வந்தது. நீங்கள் குழாயைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றீர்கள். உங்கள் தண்ணீர் உங்கள் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, உதுக்கை எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

"தள்ளி நில்லுங்கோ ஐயா."

"தள்ளித்தான் நிக்கிறன். தண்ணியை எல்லோ கேட்டனான்."

அவர்கள் திறந்துவிட்டார்கள். அது தண்ணீர் மாதிரி இல்லை. வெள்ளையாக, முழங்கிக்கொண்டு போய், கூரைத் தகரத்தைத் தூக்கி எறிந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்தீர்கள். "ஐயோ பிள்ளை, பாரன். கோபுர உயரத்துக்குப் போகுது." கொஞ்ச நேரத்தில் வண்டியில் தண்ணீர் முடிந்தது. அப்போது அவர்கள் உங்களைத் தேடினார்கள். கிணற்றில் இருந்து உங்கள் பம்பும் இன்னும் மூன்று பம்புகளும் அந்தச் சிவப்புத் தாங்கிக்கு ஊற்றின. வீட்டுக்கு வந்து, தலை துவட்டாமல், அம்மாவுக்கு நீங்கள் சொன்னது: "நாங்கள் அதுக்குப் பால் குடுத்தனாங்கள்."

பிறகு இலவச அம்புலன்ஸ் வந்தது. தொலைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கு. சந்தியில் மரநிழலில் ஒன்று நிற்கும். உங்களுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்து தெரிந்த பொடியன் ஒருவன் பின்கதவைத் திறந்துவிட்டான். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள்.

"செருப்போடை ஏறுங்கோ ஐயா, பரவாயில்லை."

"இல்லைத் தம்பி. இருக்கட்டும்."

உள்ளே நின்று ஒன்றையும் தொடாமல் அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு சாப்பிடும்போது சொன்னீர்கள். "உள்ளுக்கை எவ்வளவு லைற். எங்களைக் காட்டுறதுக்கில்லை. வருத்தக்காரனைப் பார்க்கிறதுக்கு." சோற்றைப் பிசைந்த கை நின்றது. "உப்பிடியும் ஒரு லைற்."

ஆனாலும் ரோட்டில் சைரன் கேட்டால் உங்கள் கை கூரைக்குப் போகும். நான் பகிடி பண்ணுவேன். நீங்கள் நாணத்தோடு அணைப்பீர்கள். அடுத்த தரமும் போடுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் போரும் பிள்ளைகளும் பற்றி ஒரு வகுப்பு. விரிவுரையாளர் ஒரு சொல்லைப் பலகையில் எழுதினார். கேடயம். நான் எழும்பி வெளியே போய் மரத்தடியில் இருந்தேன். காயாத சட்டை முதுகில் ஒட்டியது போல இருந்தது. அந்த விடுமுறையில் உங்களோடு நான் அதிகம் கதைக்கவில்லை. நீங்கள் ஏன் என்று கேட்கவும் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு நெஞ்சு அடைத்த காலை அம்புலன்ஸ் வந்தது. இந்தத் தரம் செருப்பில்லாமலே ஏற்றினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். மேலே அத்தனை விளக்கு. கொக்குவில் ரயில் கடவையில் படலை விழுந்திருந்தது. வண்டி நின்றது. சைரனையும் நிறுத்திவிட்டார்கள். திடீரென்று எல்லாம் அமைதி. நீங்கள் முகத்திலிருந்த ஒட்சிசன் மூடியை விலக்கினீர்கள்.

"பிள்ளை. அண்டைக்கு நீ பயந்தனியோ?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"ஐயா, கதைக்காதேங்கோ" என்று மூடியைத் திரும்ப வைத்தான் அம்புலன்ஸ் பொடியன். ரயில் போனது. நீண்டு போனது. படலை எழும்பியது. சைரன் தொடங்கியது. நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். பிறகு திறக்கவில்லை.

இப்போது பதில்.

வீட்டில் இருந்து சென்றிக்குக் கிட்டப் போகும்வரை நீங்கள் ஒரு கையால்தான் காரை ஓட்டினீர்கள். இடது கையை எனக்குக் குறுக்கே, நெஞ்சுக்கு முன்னால், வேலி போல நீட்டி வைத்திருந்தீர்கள். கியர் மாற்ற எடுப்பீர்கள், உடனே திரும்ப வைப்பீர்கள். அந்தக் கை நடுங்கியது. என் ஈரச் சட்டை வழியாக எனக்குத் தெரிந்தது. பயம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. எனக்கென்று ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதனால்தான் நான் கண்ணாடியில் சப்பறம் பார்த்தேன்.

கடைசி வளைவில் கையை எடுத்தீர்கள். இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் தெரிய வேண்டும். ரோர்ச் வந்தது, அவன் கேட்டான், நான் ஓம் என்றேன், தடி உயர்ந்தது. சென்றி பின்னால் போனது. நீங்கள் திரும்பவும் கையைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

அந்தக் கை இல்லாத இடைவெளியில் மட்டும் பயந்தேன் அப்பா. அவ்வளவுதான். கேடயம் என்று பலகையில் எழுதியவருக்கு அந்தக் கை தெரியாது. பலகையைப் பார்த்த அன்று நானும் அதை மறந்துவிட்டேன். நேற்று, அம்மாவின் விரல்கள் டாஷ்போட்டில் இருந்தபோது, என் இடது கை தானாக எழும்பி அவருக்குக் குறுக்கே போனது. அம்மா அதைத் தட்டிவிடவில்லை.

இன்று காலை பழைய பல்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் ஒன்று வாங்கி வந்து போட்டேன். எரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு அணைத்துவிட்டு, காரைக் கழுவினேன்.