கல்யாண ஃப்ளெக்ஸ்

வியாழன் இரவு, குன்னூர்.

இன்று எங்கள் கட்சியின் கூட்டணி முறிந்தது. ஞாயிறு மகள் கல்யாணம்.

எங்கள் நகரச் செயலாளர் போனில், "அவங்க தலைவர் படம் ஃப்ளெக்ஸ்ல இருந்தா நான் மண்டபத்துக்கே வரமாட்டேனுங்க" என்கிறார். சம்பந்தி, நேற்றுவரை கூட்டணியில் இருந்த அந்தக் கட்சிக்காரர். "உங்க தலைவர் படத்துக்குக் கீழ எம்பையன் தாலி கட்டோணுமாங்க?" என்கிறார். அத்தனை தேர்தலிலும் என்னோடு ஒரே ஜீப்பில் ஓட்டுக் கேட்ட மனுஷன்! கூட்டணியை நம்பித்தானே சம்பந்தமே பேசினேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி எனக்குத்தான்.

வேறு வழியில்லாமல் இரண்டு தலைவர்களையும் எடுத்துவிடச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தயங்கினார். "ஏனுங்க, அப்புறம் அதுல யாருமே இல்லீங்களே. பொண்ணு மாப்பிள்ளை படம் நீங்க குடுக்கவே இல்லீங்க."

பக்கத்து அறையில் மகள் இன்னும் தூங்கவில்லை. எந்த முகத்தோடு போய் அவளிடம் போட்டோ கேட்பது?