மாரிமுத்து அங்கிள் கேட்ட நாற்காலி

வியாழன், கிள்ளான். இரவு மணி பதினொன்று.

பிற்பகல், நான் நர்ஸாக இருக்கும் வார்டில் மாரிமுத்து அங்கிள் என்னைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, அந்த அண்ணே ரொம்ப நேரமா நிக்கிறாரு. ஒரு நாற்காலி போடுங்க லா." கட்டிலருகே யாருமில்லை. அவர் மனம் நோகக்கூடாதென்று போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

மாலையில் காப்பாரிலிருந்து வந்த அவர் மகள் அதில் உட்காரப் போனாள். "உக்காராதம்மா, ஆளிருக்கு" என்று அதட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மருந்து மயக்கம் என்றேன். இன்று அப்படி எந்த மருந்தும் கொடுக்கவில்லை.

வேலை முடிந்து சொல்லிக்கொள்ளப் போனேன். "அவரு எந்திரிச்சிட்டாரு மிஸ்ஸி. கெளம்பலாம்ங்கிறாரு" என்றார்.

மகளிடம், ராத்திரி வீட்டுக்குப் போகாதே என்று மட்டும் சொன்னேன். ஏனென்று கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தமுறை அவர் தடுக்கவில்லை.