அக்காவின் இடது பக்கத்து ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று சமையல், துணி, மருந்து, அக்காவுக்கு முதுகு துடைத்துவிடுவது எல்லாம் நானே. மூன்று ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, ஒன்றரை ஆள் வேலை. மீதியை அக்கா மகள் ஆபீஸ் போகுமுன் முடித்துவிட்டாள்.

மத்தியானம் அக்கா தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "ஏன்டா, அரை வயித்துக்குத்தான் போடுவியா?" என்றாள். தட்டின் இடது பாதி அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். "கேட்டாத்தான் போடுவ" என்று அதையும் சாப்பிட்டாள். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் இப்படித்தான். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். ஏற்கெனவே தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

நாளெல்லாம் வலது ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அங்கே என்ன இருக்கிறது? எதிர்வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும். அங்கே ஒரு கண்ணாடித் தொங்கல் செய்து மாட்டினால் என்ன? வெயில் பட்டால் அறை முழுக்க வானவில் தெறிக்கும்.

"அதுக்கு சன்கேட்சர்னு பேரு மாமா. ஆன்லைன்ல ரெடியாவே கிடைக்குது" என்றாள் அக்கா மகள்.

"வாங்குறதாவது! மாளிகைக்கே சரவிளக்கு கட்டினவன் நான்."

"விளக்குக் கடையில வேன் ஓட்டுனீங்கன்னுதானே அம்மா சொல்லுவாங்க."

வேன் ஓட்டினேன்தான். ஏற்றி இறக்கும்போது ஒவ்வொரு கண்ணாடியும் என் கைபட்டுத்தானே போயிற்று? அது கட்டினதில் சேராதா?

மார்ச் 7, சனி

பாசிமணி விற்கும் கடைக்காரரிடம், "கண்ணாடியைக் கண்ணாலேயே எடை போடுற ஆளு நான், நல்ல சரக்கா எடுங்க" என்றேன். எடுத்தார். வீட்டுக்கு வந்து கோத்து வெயிலில் பிடித்தால் ஒரு நிறமும் விழவில்லை. அக்கா மகள் ஒரு மணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சில்லுனே இல்லையே மாமா. பிளாஸ்டிக்."

கால் வலி. வேறு எழுதத் தெம்பில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணாலயே எடை போடுறவராச்சே, நான் எப்படிக் குறுக்க பேசுறது?" ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். பட்டை தீட்டின கண்ணாடித் துளிகள், நடுவில் தொங்க ஒரு உருண்டை. சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய பனியனால் துடைத்தேன். விரல் ரேகை பட்டாலே மங்கிவிடுகிறது. நைலான் நரம்பில் முடிச்சு நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முனையை நெருப்பில் உருக்கி நிறுத்தினேன். கட்டைவிரல் கொப்புளித்துவிட்டது. அக்கா மகளிடம் சமையலில் சுட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மாட்டிவிட்டேன்! சாயங்கால வெயில் வலது ஜன்னலில் விழுந்ததும் அறையே கலியாண வீடு போல ஆகிவிட்டது.

"டேய், யாருடா செஞ்சது இது?"

"வேற யாரு?"

"கடையில வாங்கிட்டு வந்து முடிச்சை மட்டும் நீ போட்டிருப்ப."

எங்கள் வீட்டில் பாராட்டு இப்படித்தான் வரும். எதிர்வீட்டுக்காரர் தனக்கும் ஒரு டஜன் வேண்டும் என்றார். அதாவது, நன்றாயிருக்கிறது என்றார்.

மார்ச் 11, புதன்

அக்காவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் உள்ளே நுழைந்ததும், "யாரு இதை இந்தப் பக்கம் மாட்டுனது?" என்றாள். பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

"கழட்டிடுங்க அங்கிள்."

"ஆசையாப் பாக்குறாளேம்மா!"

"அதான் தப்பு. நல்லதெல்லாம் வலது பக்கமே கிடைச்சா அவங்க எதுக்கு இடது பக்கம் திரும்பப் போறாங்க? இப்ப திரும்பப் பழகலைன்னா நாளைக்கு நடக்கறப்ப கதவுல இடிச்சு விழுவாங்க. அந்த இடது ஜன்னல்ல மாட்டுங்க. நீங்களும் இனிமே இடது பக்கம்தான் உக்காரணும். வலது பக்கம் வரவே கூடாது."

வலது ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டுப் போய்விட்டாள். அக்கா மகள் வயசுகூட இருக்காது.

மார்ச் 12, வியாழன்

தொங்கலையும் நாற்காலியையும் இடது பக்கம் மாற்றியாயிற்று. கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா மகளிடம் கேட்கிறாள்: "தம்பி எங்கடி? காலையிலேருந்து ஆளையே காணோம்."

"இங்கதான்க்கா இருக்கேன்."

வலது பக்கம் திரும்பித் தேடினாள். "பாரு, சமையல் ரூம்லேருந்து கத்துறான்."

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் என்னைக் காணோம்.

மார்ச் 17, செவ்வாய்

வேனோடு ஆற்று வெள்ளத்தில் மிதந்துபோன கதையைச் சொன்னேன். வெள்ளம் எப்போதும் முட்டி அளவு. இன்று கழுத்துவரை ஏற்றினேன். எந்தக் கதையை ஆரம்பித்தாலும் நடுவில், "புளுகாதடா" என்பாள். அதற்காகத்தானே இத்தனை வருஷமாகச் சொல்கிறேன்? இன்று சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாராவது அந்த ரேடியோவை அணைங்களேன்" என்றாள்.

சிரிக்கத்தான் வேண்டும். பிறகு சிரிக்கலாம்.

மார்ச் 18, புதன்

தப்புப் பண்ணிவிட்டேன். வீட்டில் யாருமில்லை என்று நினைத்து வலது பக்கம் போய் நின்றேன். அக்கா முகம் அப்படியே மலர்ந்தது. "வந்துட்டியா? எங்கடா போன இத்தனை நாளா? நான் இப்படிக் கிடக்கேன், உனக்கு ஊர் சுத்தல் கேக்குதா?" கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

வாசலில் அக்கா மகள். "மாமா!" அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கையை உருவிக்கொண்டு திருடன் மாதிரி கட்டிலைச் சுற்றி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். "மறுபடியும் போயிட்டான் பாரு" என்கிறாள் அக்கா.

எனக்கு வேண்டாம்பா இந்த வைத்தியம். அவ பாட்டுக்கு ஒரு பக்கமே பாத்துட்டு இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? — இல்லை, விழுந்துவிடுவாள். தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

இதை நிதானமாக எழுதவேண்டும். இடது ஜன்னலில் விழுவது காலை வெயில். சூரியன் தாழ இருக்கும்போது தொங்கலின் நிறமெல்லாம் அறையைக் கடந்து எதிரே வலது சுவரில் விழுகிறது. "சுவத்துல என்னமோ ஊருது" என்றாள் அக்கா. சூரியன் ஏற ஏற அந்த நிறங்கள் சுவரைவிட்டு இறங்கி, கட்டிலில் ஏறி, ஜன்னலைப் பார்த்து, அதாவது இடது பக்கமாக, நகர்ந்து வருகின்றன. கண்ணால் தொடர்ந்துகொண்டே வந்தாள். போர்வை, வயிறு. அங்கே, "போயிடுச்சு" என்றாள். போகவில்லை, இந்தப் பக்கம் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் முன்பே கணக்குப் போட்டுத்தான் மாட்டினேன் என்று பிசியோ பெண்ணிடம் சொன்னேன். "சூப்பர் அங்கிள், தினமும் பாக்கச் சொல்லுங்க" என்றாள். நம்பிவிட்டாள், பாவம். நம்பினதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மேகம்.

மார்ச் 23, திங்கள்

இன்னும் மேகம். நானும் இங்கேயே.

மார்ச் 28, சனி

வெயில் வந்தது. இன்று வயிற்றைத் தாண்டிக் கண் போயிற்று! ஒரு சிவப்புத் துண்டு அவளுடைய இடது கைமேல் நின்றது. உற்றுப் பார்த்தாள். "யாரு கை இது?" என்றாள்.

வாயில் ஏதேதோ வந்தது. என் கை என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். "உன் கைதான்க்கா" என்றேன்.

"போடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிசியோ பெண், இப்படி ஆவது உண்டு, பயப்படாதீங்க என்கிறாள். பயமில்லை. அலுப்பு. எலும்புவரைக்கும் அலுப்பு.

ஏப்ரல் 2, வியாழன்

கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே கண் அசந்துவிட்டேன். ஏதோ, தொங்கலின் நிறமோ என்னவோ, என் முகத்தில் ஊர்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் அக்கா. தலையணையில் தலை முழுக்க இடது பக்கம் திரும்பியிருந்தது. நேராக என்னைப் பார்க்கிறாள்.

"என்னடா, ஆளே பாதியாயிட்ட?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இங்கயா உக்காந்திருக்க? எப்ப வந்த?"

"இப்பத்தான்க்கா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு, போ."

கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.