இலையோடு விட்ட கிளை

திம்புள்ள
10.6.1962

அன்பு வடிவு,

நலம். உன் நலம் கேட்கிறேன். பதில் வராவிட்டாலும் கேட்பேன்.

மழை பிடித்துவிட்டது. மேல்மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டுமுன் ஒரு செடியின் வேரைச் சீவி அயடின் விட்டுப் பார்த்தேன். கறுத்தது. மாவு சேர்ந்திருக்கிறது. வெட்டியபின் செடி அதைத் தின்று உள்ளுக்குள் உறங்கும், சாகாது. பேராதனையில் படித்த ஓராண்டில் எனக்கு மிஞ்சியது இந்தப் போத்தல் வித்தைதான்.

செடிக்கு ஒரு கிளையை இலையோடு விடுவது வழக்கம். முளைக்கும்வரை வேருக்கு அதுதான் சோறு. தோட்டத்தை மேற்பார்க்க வந்த புதிய சின்னத்துரைக்கு அது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டு, மலை சுத்தமாக இருக்கட்டும் என்கிறார். சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கவ்வாத்து வெட்டும் அழகுமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "கண்டாக்கையா, தொர மொட்டையடிக்கச் சொல்றாரு. ஆத்தோரமா ஒரு வரிசைக்காச்சும் குடுமி விடுவோமா? அவரு பூட்ஸு அங்க எறங்காது."

சிரித்துவிட்டேன். நம் பிள்ளை போனபின் முதல் சிரிப்பு. அவனுக்கு நன்றி சொன்னேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

தொட்டில் சேலை உத்தரத்தில் அப்படியே தொங்குகிறது. "வெறுந்தொட்டில் ஆகாதுடா, அவுத்துப் போடு" என்று அம்மா தினமும் ஏசுகிறாள். நீ கட்டியது. நீ சொல்லாமல் தொடமாட்டேன்.

உன்
முத்துலிங்கம்

*

றொசல்ல
24.6.1962

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத ஒன்றுமில்லை. நான் இங்கேயே இருந்துவிடட்டும் என்கிறாள் அம்மா. மறுத்துச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

சண்முகவடிவு

*

திம்புள்ள
29.7.1962

அன்பு வடிவு,

சரி. சேதி மட்டும் எழுதுகிறேன்.

மலை முழுக்க வெறுங்குச்சி. ஆற்றோரம் மட்டும் பச்சைக் குடுமி. கடைக்குச் சாமான் ஏற்றிவந்த பாவா நானா லொறியை நிறுத்திவிட்டார்.

"என்ன தம்பி, தோட்டத்தையே எரிச்சிட்டீங்களா?"

"தூங்குதுங்க நானா."

"அப்ப மெதுவாப் பேசுங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். லொறியையும் சத்தமில்லாமல் உருட்டிப் போனார்.

பதில் எழுதச் சிரமப்படாதே.

உன்
முத்துலிங்கம்

*

றொசல்ல
9.9.1962

அன்பு அத்தானுக்கு,

ஆற்றோர வரிசை முதலில் துளிர்த்தது, மற்றவை இன்னும் யோசிக்கின்றன என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு எல்லாக் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். குடுமி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். நானும்.

என்னை அழைக்க அங்கே வந்தபோதே நம் பிள்ளையின் சட்டை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அம்மா யாருக்கோ கொடுத்திருந்தாள். கண்ணில் படாவிட்டால் ஆறிவிடும் என்று. என் நல்லதற்குத்தான். இங்கே வெறுங்கையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அங்கே அந்தத் தொட்டில் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன், தலை சீவினேன், ஒரு வாய் சோறு தின்றேன்.

ஏச்சு வாங்கிக்கொண்டு அதை விட்டு வைத்தீர்கள். எப்போது வருகிறாய் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நன்றி என்று எழுதினால் கூச்சப்படுவீர்கள். எழுதிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். தலவாக்கலை ஸ்டேஷனில் நில்லுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: தொட்டிலை நான் வந்து அவிழ்க்கிறேன். அந்த முடிச்சு எனக்குத்தான் தெரியும்.

உங்கள்
வடிவு